சொற்களுக்கு ஒரு நாடு

இளமையில் தோய்ந்து படித்த மாயக்கதை நூலொன்றை நாற்பது வயதைக் கடந்தபின் மீண்டும் கையிலெடுக்கச் சற்றே துணிவு வேண்டும். அன்று மலையாய்த் தோன்றியது இன்று மணல்மேடாகிவிடுமோ என்னும் அச்சமே காரணம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி ஹாபிட்’, அதனைத் தொடர்ந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆகியவற்றைக் கல்லூரிப் பருவத்தில் படித்தபோது, தீய மோதிரம் ஒன்றை அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே எறிந்து அழிக்கப் புறப்படும் சிற்றுருவ மாந்தரின் பயணமே எனக்குப் போதுமானதாயிருந்தது. இலக்கணமும் மொழிவரலாறும் கற்பிக்கும் பணியில் பல்லாண்டுகள் கழிந்தபின் அந்நூல்களை மீளப் படித்தபோது, கதைக்குப் பின்னால் ஒரு மொழியாசிரியரின் முகம் தெரியலாயிற்று. அவரது வாழ்வை நம் வட்டத்துக் கவிஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணம்.

டோல்கீன் 1892ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் பிறந்தார். தந்தை ஆர்தர் வங்கி மேலாளர். தாய் மேபல் இரு புதல்வருடன் இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், 1896இல், தந்தை அங்கேயே காய்ச்சலுற்று இறந்தார். பர்மிங்காம் நகரை அடுத்த சேர்ஹோல் என்னும் சிற்றூரில், நீராலை ஒன்றின் அருகே, கைம்பெண்ணான தாய் பிள்ளைகளை வளர்த்தார். இலத்தீனும் செருமானியமும் மரஞ்செடிகளின் பெயர்களும் டோல்கீனுக்கு முதலில் வாய்த்தது தாயிடமிருந்தே. ஏழு வயதில் டிராகன் ஒன்றைப் பற்றி அவர் கதை எழுதியபோது, பெரிய பச்சை டிராகன் என்றுதான் எழுதலாமேயன்றிப் பச்சைப் பெரிய டிராகன் என எழுதலாகாது எனத் தாய் திருத்தினாராம். ஏன் ஆகாது என்னும் வியப்பு அவரை விட்டு நீங்கவேயில்லை. பெயரடைகளின் வரிசை பற்றி வகுப்பில் பேசுகையில் இச்செய்தியை மாணவியரிடம் நான் தவறாது சொல்வதுண்டு.

பின்னர் இருப்பூர்திப் பாதையோரம் குடியிருந்தபோது, நிலக்கரி வண்டிகளில் எழுதப்பட்டிருந்த வேல்சு மொழி ஊர்ப்பெயர்கள் அச்சிறுவனை ஈர்த்தன. பொருள் தெரியாது, ஓசை மட்டுமே தெரியும். அவ்வோசையின் மயக்கம் பின்னாளில் ஒரு மொழியாகவே விளைந்தது.

1900இல் மேபல் கத்தோலிக்க நெறியைத் தழுவினார். உறவினர் உதவியை நிறுத்தினர். 1904இல் நீரிழிவு நோயால் அவர் மறைந்தபோது மூத்த மகனுக்கு வயது பன்னிரண்டு. இன்சுலின் இல்லாத காலம் அது. அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் பிள்ளைகளுக்குக் காப்பாளரானார். பதினாறு வயதில் எடித் பிராட் என்னும் நங்கையிடம் டோல்கீன் மனத்தைப் பறிகொடுத்ததும், இருபத்தொரு வயதுவரை தொடர்பு கூடாதெனக் காப்பாளர் தடுத்ததும், அவ்வயது நிறைந்த இரவிலேயே அவர் எடித்துக்கு மடல் எழுதியதும், 1916 மார்ச்சில் மணம் முடிந்ததும் பலரும் அறிந்த காதல் வரலாறு. நான் நின்று நோக்க விழைவது அதே ஆண்டின் பிற்பகுதியை.

பள்ளிநாளில் டோல்கீனும் மூன்று நண்பர்களும் கூடி ஒரு சிறு குழு அமைத்திருந்தனர். தேநீர் அருந்திக் கவிதையும் பழங்கதையும் பேசி, இவ்வுலகுக்குத் தாம் ஏதோ தரப்போவதாக நம்பிய இளைஞர் அவர்கள். நம் வட்டமும் அவ்வாறுதானே தொடங்கிற்று! 1916 சூலை முதல் நாள், சோம் போர்க்களத்தில் ராப் கில்சன் வீழ்ந்தார். திசம்பரில், குண்டுச்சிதறலால் உற்ற புண் ஆறாது கவிஞர் ஜி. பி. ஸ்மித் இறந்தார். செய்தித்தொடர்பு அலுவலராக அதே களத்தில் நின்ற டோல்கீன் அகழிக்காய்ச்சலால் நவம்பரில் தாயகம் அனுப்பப்பட்டார். நோய்ப்படுக்கையிலிருந்து மீண்டு வந்த அம்மாதங்களில்தான் கொந்தோலின் என்னும் மறைநகரின் வீழ்ச்சியை அவர் எழுதத் தொடங்கினார். இழந்த நகரம், மாண்ட தோழர், எஞ்சியவன் சுமக்கும் நினைவு ஆகிய மூன்றும் இறுதிவரை அவரது எழுத்தை விட்டகலவில்லை. இளமையில் வீரக்கதையாகத் தோன்றிய நூல் மறுவாசிப்பில் ஒரு நெடிய கையறுநிலையாகத் தோன்றியதன் காரணம் இதுவே எனலாம்.

மாணவராக இருந்தபோதே ஃபின்னிய மொழியின் இலக்கணநூல் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கைக்குக் கிட்டியது. அதன் ஓசையைத் தழுவிக் குவென்யா என்னும் மொழியையும், வேல்சின் ஓசையைத் தழுவிச் சிந்தாரின் என்னும் மொழியையும் அவர் படைத்தார். ஒரு தாய்மொழியிலிருந்து இரண்டும் எவ்வாறு பிரிந்தன, எவ்வொலி எவ்வொலியாகத் திரிந்தது என்பதற்கெல்லாம் விதி வகுத்தார். பேசுவாரின்றி மொழியில்லை, வரலாறின்றிப் பேசுவாரில்லை. ஆகவே எல்ஃப் என்னும் இனத்தார் தோன்றினர். அவர்தம் பாடல்களும் போர்களும் புலம்பெயர்வுகளும் தோன்றின. கதைக்காக மொழி செய்தாரல்லர். மொழிக்காகக் கதை செய்தார்.

போருக்குப்பின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பணியில் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களின் வரலாற்றை ஆய்ந்தார். 1920இல் லீட்ஸ் பல்கலைக்கழகம் சென்றார். 1925இல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். 1936இல் ‘பேவுல்ஃப்’ என்னும் பழங்காப்பியம் குறித்து அவர் ஆற்றிய உரை அத்துறையையே திசைதிருப்பியது. அதுகாறும் அறிஞர் அக்காப்பியத்தை வரலாற்றுச் செய்திகளைத் தோண்டியெடுக்கும் சுரங்கமாகக் கருதினர். அரக்கரும் டிராகனும் வரும் பகுதிகளுக்காக வருந்தினர். அதனைக் கவிதையாகப் படிக்கவேண்டும், அரக்கர்தாம் அதன் நடுவம் என்று டோல்கீன் வாதிட்டார். புறநானூற்றை அரசர் பட்டியலுக்காக மட்டும் புரட்டும் ஆய்வேடுகளைப் பார்த்துச் சலித்தவர்க்கு இவ்வாதத்தின் அருமை விளங்கும்.

நம் கவிஞர்க்குச் சுவையளிக்கும் செய்தி ஒன்றுண்டு. பழைய ஆங்கிலப் பாட்டில் இறுதி இயைபு அரிது. அடியின் இரு பாதிகளையும் பிணைப்பது முதலெழுத்து ஒன்றி வரும் மோனையே. உயிரெழுத்துகளை மூன்று இனமாக வகுத்து, இனத்துக்குள் மோனை கொள்வது நம் மரபு. அவர்களுக்கோ எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனையாகும். அந்த யாப்பை ரோஹன் என்னும் குதிரைவீரர் நாட்டுப் பாடல்களில் டோல்கீன் இருபதாம் நூற்றாண்டு ஆங்கிலத்துக்கு மீட்டுத் தந்தார். அந்நாட்டு மன்னன் தியோடனின் பெயர் தலைவன் எனப் பொருள்படும் பழஞ்சொல்லே. மன்னன் மருகி ஏயோவினின் பெயரில் குதிரையும் மகிழ்ச்சியும் சேர்ந்துள்ளன. பேவுல்ஃப் காப்பியத்தில் டிராகனின் புதையலிலிருந்து ஒருவன் கிண்ணம் திருடுகிறான். ‘தி ஹாபிட்’ நூலில் பில்போவும் அதையே திருடுகிறான். பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். டாம் பாம்படில் பாடுவன இன்றும் எனக்கு அலுப்பூட்டுகின்றன. ரோஹன் வீரரின் இரங்கற்பாக்களோ ஓசையாலேயே நெஞ்சை அடைக்கின்றன.

‘தி ஹாபிட்’ தேர்வுத்தாள் திருத்துகையில் மாணவர் ஒருவர் எழுதாது விட்ட வெற்றுப் பக்கத்தில் பிறந்தது. பதிப்பாளரின் பத்து வயது மகன் ரேனர் அன்வின் ஒரு ஷில்லிங் ஊதியம் பெற்றுக்கொண்டு கைப்படியைப் படித்து ஒப்புதல் தந்தான். 1937 செப்டம்பரில் நூல் வெளிவந்தது. அடுத்த நூலை அதே திசம்பரில் தொடங்கியவர் முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகளாயின. வகுப்பு, தேர்வுத்தாள், நான்கு பிள்ளைகள், மீண்டும் ஒரு போர். வாரந்தோறும் படிக்கக் கேட்டு ஊக்கிய நண்பர் சி. எஸ். லூயிஸ் இல்லையேல் நூல் முடிந்திராது. ஆய்வுக் கட்டுரை எழுதவேண்டிய பொழுதை விளையாட்டுக் கதைகளில் கழிப்பதாகப் பல்கலைக்கழகத்தில் முணுமுணுப்பும் இருந்தது. கவிதை எழுதும் தமிழாசிரியர்க்கு இம்முணுமுணுப்பு புதிதன்று. ஒரே நூலாக அவர் எழுதியதைத் தாள்விலை கருதிப் பதிப்பகத்தார் மூன்றாக்கி 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். இறுதித் தொகுதியின் பின்னிணைப்புகளில் தம்மை நூலாசிரியராக அன்றி, பழஞ்சுவடி ஒன்றை மொழிபெயர்த்தவராகவே அவர் காட்டிக்கொள்கிறார். ஏடு தேடும் மரபில் வந்த நமக்கு இந்த வேடம் புன்முறுவலை வருவிக்கும்.

புகழ் வந்தபின்பும் 1916இல் தொடங்கிய பணி முடியவில்லை. எல்ஃப் இனத்தாரின் வரலாற்றைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டேயிருந்தார். 1971இல் எடித் மறைந்தார். 1973 செப்டம்பர் 2ஆம் நாள், தம் 81ஆம் அகவையில், டோல்கீனும் மறைந்தார். மகன் கிறிஸ்டபர் தாள்குவியலை ஒழுங்குசெய்து 1977இல் ‘தி சில்மரில்லியன்’ நூலையும், 1983 முதல் 1996 வரை வரைவுகளைப் பன்னிரு தொகுதிகளாகவும் பதிப்பித்தார். அவ்வரைவுகளில் மோதிரம் சுமக்கும் ஃப்ரோடோவின் பெயர் முதலில் பிங்கோ என்றிருக்கிறது. பின்னர் முடிசூடும் அரகோர்ன் மரக்காலணி அணிந்த ஒரு சிற்றுருவ மாந்தனாகவே வருகிறான். அவன் யார் என்பதே எழுதியவருக்கு அப்போது தெரியாது. அது தெரியவரும்வரை அவனை அந்த விடுதியின் மூலையிலேயே இருத்திவைத்து, தொடக்க அதிகாரங்களை மீண்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருந்தார்.