செப்புக் காசிற் சரித்திரங் கண்ட சுவாமி ஞானப்பிரகாசர்

புறக்கோட்டையிலே பழங்காசு விற்போர் சாக்கு விரித்துக் குவித்து வைத்திருக்கும் செம்புச் சில்லறையை நின்று நோக்குவார் சிலரே. ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலையும் மறுபுறம் தாளிப்பனையும் பொறித்த இலங்கை அரைச் சதங்கள் அக்குவியலிற் கிடப்பதுண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1793 முதல் 1857 வரை வெளிவந்த அரைச் சதங்களைத் தேடித் தொகுப்பதையே ஒரு கலையாகக் கொண்டோர் இன்றும் உளர். அவர்கள் அச்சுக்கு அச்சு ஒப்பிட்டு, ஓர் இலையின் வளைவும் ஓர் எழுத்தின் சாய்வும் மாறியிருப்பதைக் கண்டு, ஆண்டும் வரிசையும் வகுப்பர். விலையிற் சிறிய காசும் சான்றிற் பெரியதாகலாம் என்பதே அவர் தொழிலின் அடிப்படை. நம் நாட்டிலும் சிறு செப்புக் காசை உற்றுநோக்கி, மறைந்துபோன ஓர் அரசுக்குச் சாட்சி தேடித் தந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

சுவாமிகள் 1875 ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் மானிப்பாயிலே சைவக் குடியிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் வைத்தியலிங்கம். தந்தையார் சுவாமிநாதபிள்ளை இளமையிலேயே காலமாக, தாயார் தங்கமுத்து அச்சுவேலித் தம்பிமுத்துப்பிள்ளையை மணந்தார். தம்பிமுத்துப்பிள்ளை கத்தோலிக்கர்; அச்சகம் நடத்தியவர்; நூல் யாத்தவர். ஏடும் எழுத்தும் அச்சும் நிறைந்த அவ்வீட்டிலே சிறுவரின் கல்வி வேரூன்றியது. வளர்ந்தபின் இரயில்வேப் பகுதியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அவ்வுத்தியோகத்தில் அவருள்ளம் நில்லாதாயிற்று. அதனைத் துறந்து, அமலமரித் தியாகிகள் சபையிற் புகுந்து, 1901 ஆம் ஆண்டு மார்கழித் திங்களிற் குருப்பட்டம் பெற்றார்.

அவர் பணி நிலைத்த இடம் நல்லூர். ஆரியச் சக்கரவர்த்திகளின் இராசதானியாய் விளங்கிய ஊர் அது. 1619 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கைப்பட்டபின், கோவில் இடிந்தது, கொற்றம் அழிந்தது. அரசர் வாழ்ந்தமைக்கு அடையாளமாக நின்றவை சில குளங்களும் மனைப் பெயர்களுமே. யாழ்ப்பாண வேந்தர் பொறித்த சாசனங்களும் அரியனவாயின. ஆதலால் அவ்வரசின் வரலாறு, பிற்காலத்து எழுந்த வைபவக் கதைகளையே பெரிதும் நம்பி நின்றது. கதையையும் வரலாற்றையும் பிரித்தறிய உரைகல் ஒன்று வேண்டியிருந்தது.

அவ்வுரைகல் குடாநாட்டு மண்ணிலேயே கிடந்தது. ஒருபுறத்தில் அரசனைக் குறிக்கும் மானிட உருவமும், மறுபுறத்திற் படுத்திருக்கும் நந்தியும், அதன்மேற் பிறையும், கீழே ‘சேது’ என்னும் ஈரெழுத்தும் கொண்ட செப்புக் காசுகள் பல அங்கே கிடைத்துவந்தன. சேது என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தே, அவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என முந்திய நாணய ஆராய்ச்சியாளர் முடிவுகட்டினர். இவ்வாறு யாழ்ப்பாணத்தார் நிலத்தில் எடுத்த காசே யாழ்ப்பாணத்தார்க்கு அயலதாயிற்று.

சுவாமிகள் இம்முடிவை ஏற்றிலர். 1920 ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்னும் பொருள்பற்றி ஆங்கில ஆராய்ச்சி ஏடொன்றில் எழுதி, அவை ஆரியச் சக்கரவர்த்திகளுக்கே உரியன என்று நிறுவ முற்பட்டார். இக்கொள்கைக்குத் துணைநிற்பன பல. சேது என்னும் மொழி அவ்வேந்தருக்கு மங்கலக் குறியாயிருந்தமை செகராசசேகரமாலை போன்ற அவர்காலத்து நூல்களாற் புலனாகும். கேகாலைப் பகுதியின் கொட்டகமவிற் கண்டெடுக்கப்பட்ட, ஆரியச் சக்கரவர்த்தியின் வெற்றி கூறும் தமிழ்ச் சாசனமும் சேது என்றே தொடங்குகிறது. சேதுபதிகள் ஆட்சியோ பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் எழுந்தது. நூலும் கல்லும் காசும் ஒரே சொல்லைக் கூறும்போது, அச்சொல்லுக்கு உரியவர் யாவர் என்பதில் ஐயம் குறைகிறதன்றோ?

1924 இற் கொழும்பு நூதனசாலை வெளியீடாக வந்த கொட்றிங்டன் துரையின் இலங்கை நாணய நூலும் சேதுக் காசுகளை யாழ்ப்பாண அரசர்க்கே உரிமையாக்கிற்று. முதலியார் இராசநாயகமும் தம் நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். இன்று அறிஞர் பெரும்பாலார் ஒப்பும் முடிபு இதுவே.

சுவாமிகள் கூறிய யாவும் நிலைத்தன என்று சொல்வதற்கில்லை. 1928 இல் வந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில் அரச மரபு குறித்து அவர் கொண்ட முடிபுகள் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்தனர். சமய வாதங்களிலே சைவ அறிஞர் அவரோடு மாறுபட்டனர். ஆயினும் அவர் புலமையை மதித்தனர். சொற்களின் வேரைத் தேடும் ஒப்பியல் அகராதியை 1938 முதற் பகுதி பகுதியாக வெளியிட்டுவந்த அவர், அது முற்றுப்பெறுமுன் 1947 ஆம் ஆண்டு தைத் திங்களில் இறைவனடி சேர்ந்தார். சொல்லாயினும் காசாயினும், தேய்ந்ததன் பின்னே நின்ற முதல் உருவைக் காண்பதே அவர்க்கு வாழ்நாள் முயற்சியாயிற்று.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏடுகள் சாம்பராயின. செம்பு அத்துணை எளிதில் அழிவதன்று. ஆனால் அதனை அழிக்கவும் நம்மால் இயலும். தோட்டங் கொத்தும்போது அகப்படும் காசைப் புளியிட்டுத் துலக்கினால் எழுத்துத் தேயும். பழஞ்செம்பு விலைக்கு விற்றால் உலையில் உருகும். எவ்வூரில், எந்நிலத்திற் கிடைத்தது என்பதைக் குறியாது கைமாற்றினால் அதன் சாட்சியிற் பாதி அப்போதே மாயும். அவை யாழ்ப்பாணக் காசுகள் என்பதற்கு, அவை கிடைத்த இடமும் ஒரு சான்றாயிற்றல்லவா? ஆதலின் பழங்காசொன்று கைக்கு வரின் அதனைத் துலக்காது வைத்து, கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு துண்டிற் குறித்து, அறிந்தவரிடம் காட்டுக. சுவாமிகளுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.