மணல் மேல் அணை கட்டியவர்: சர் ஆர்தர் காட்டன்



கணக்கு நோட்டில் கோடு கொஞ்சம் கோணினாலும் நமக்கு மார்க் போய்விடும். ஆனால் கோணலாகவே கட்டிய ஓர் அணை சுமார் 2000 வருஷமாக நிற்கிறது. அதைப் பார்த்துப் பாடம் படித்த ஒரு வெள்ளைக்காரரைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு மே 15-ம் தேதி பிறந்தார். 15 வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் சென்னைக்கு வந்தார்.

அப்போது காவிரியின் நிலைமை ரொம்ப மோசம். முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளம். அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடிக் கடலில் கலந்தது. காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தை மறித்து அணை கட்டணும். ஆனா தோண்டத் தோண்ட மணல்தான் வருது! அஸ்திவாரம் எங்கே போடுவது?

விடை கல்லணையில் இருந்தது. கரிகால் சோழன் கட்டிய இந்த அணையின் நீளம் 1080 அடி. நேர்கோடாக இல்லாமல் பாம்பு மாதிரி நெளிந்து போகும். உள்ளே இருப்பது செதுக்காத முரட்டுக் கல்லும் களிமண்ணும்தான். ஆற்றில் கல்லைப் போட்டால் தண்ணீர் அடிமணலை அரிக்கும், கல் கீழே இறங்கும். அதன் மேல் இன்னொரு கல். இப்படி இறங்கி இறங்கி ஓர் இடத்தில் நின்றுவிடும். கல் எங்கே உட்காரணும்னு ஆறே முடிவு பண்ணுது! அளவெடுத்து ஒட்டிய சுவராக இருந்தால், அடிமணல் அரித்ததும் விரிசல் விட்டிருக்கும். முரட்டுக் கல் சரிந்தாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இதைக் கற்றுக்கொண்ட காட்டன், 1836-ல் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டும் வேலையைத் தொடங்கினார். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் வருவது கீழணையிலிருந்துதான்.

ஆனால் முதல் கணக்கு அப்படியே பலிக்கவில்லை. மேலணை வந்தபின் காவிரிக்குள் தேவைக்கு மேல் தண்ணீர் பாய்ந்து அடிமணலை அரித்தது. அதனால் 1840-களில் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைத்தார்கள். காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு சுவர் கட்டினார்கள். இடிச்சுத் தள்ளல, திருத்தினாங்க. தஞ்சாவூர் வயல்கள் பிழைத்தன.

அந்த அனுபவத்தோடு காட்டன் கோதாவரிக்குப் போனார். 1847-ல் ஆரம்பித்து 1852-ல் தவளேஸ்வரம் அணையை முடித்தார். இன்றும் அங்குள்ள மக்கள் அவரைச் சாமி மாதிரி நினைக்கிறார்கள். 1861-ல் சர் பட்டம் பெற்றார். 1899 ஜூலை 24-ல், 96 வயதில் இங்கிலாந்தில் காலமானார். நம்ம 'அணைக்கட்டு' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் 'அனிகட்' ஆனது என்பது நமக்குப் பெருமை.

2018 ஆகஸ்ட்டில் மேலணையின் 9 மதகுகள் வெள்ளத்தில் இடிந்தன. பக்கத்திலேயே புதுக் கதவணை கட்டியிருக்கிறார்கள். ஆற்றுக்கு முன்னால் எந்தக் கணக்கும் கடைசிக் கணக்கு இல்லை. நம்ம உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறித் திருச்சி போகிறவர்கள் முக்கொம்பையும் கல்லணையையும் ஒரு தடவை பாருங்கள். தப்பு வந்தால் பேப்பரைக் கிழிக்காமல், எங்கே தப்பு என்று பார்த்துத் திருத்துவோம்!


– 10-ம் வகுப்பு மாணவி