இருவழியும் திறந்த பள்ளி: டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார்

டாக்டர் ஆற்காடு இலட்சுமணசாமி முதலியார் அவர்களின் பெயரைச் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைத்தே நாம் எண்ணிப் பார்க்கிறோம். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் அதன் துணைவேந்தராக விளங்கிய பெருமகனார் அவர். ஆயினும், கல்லூரி வாயிலை எட்டாத மாணாக்கரைப் பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார் என்பதைப் பலரும் அறியார்.

1887ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், கர்னூலில் இரட்டையருள் ஒருவராக அவர் பிறந்தார். உடன்பிறந்த இராமசாமி முதலியார் அரசியலில் புகழ் பெற்றார். இவரோ மருத்துவத்தைத் தேர்ந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, மகப்பேறு மருத்துவத்தில் வல்லுநராகி, தாம் பயின்ற மருத்துவக் கல்லூரிக்கே முதல்வரானார். அவர் துணைவேந்தராயிருந்த காலத்தில், 1944இல், அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது.

1952 செப்டம்பரில் நடுவண் அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்து, அதன் தலைமையை அவரிடம் ஒப்படைத்தது. தொழில்வழி ஆதாரக் கல்விக்காக 1937இல் டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் பணியாற்றிய கே. ஜி. சையிதைன் அவர்களும் இக்குழுவில் ஓர் உறுப்பினர். உயர்நிலைப் பள்ளி பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் நடைபாதையாக மட்டும் இருத்தலாகாது என்பதே குழுவின் முடிபு. 1953 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் பல்நோக்குப் பள்ளிகளை அது பரிந்துரைத்தது. மொழியும் சமூகவியலும் பொது அறிவியலும் ஒரு கைத்தொழிலும் அனைவர்க்கும் பொது. அவற்றின்மேல் மனிதவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகள். மாணாக்கர் தத்தம் நாட்டத்திற்கேற்ப ஒன்றைத் தேரலாம். தொழிற்கல்வியின் செலவுக்கெனத் தொழில் நிறுவனங்களிடம் சிறு வரி பெறவும் குழு கூறியது.

அதே 1953இல் சென்னை மாநிலத்தில் வேறொரு திட்டமும் வந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் பள்ளியிலும், எஞ்சிய நேரம் பெற்றோர் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றது இராஜாஜி அரசின் திட்டம். குலத்தொழிலோடு பிள்ளையைப் பிணிப்பது எனக் கடும் எதிர்ப்பு எழவே, 1954இல் அது கைவிடப்பட்டது. இரண்டும் தொழிலைப் போற்றியவையே. எனினும் ஒன்றில் தொழிலைப் பிறப்பு தீர்மானித்தது. மற்றொன்றில் மாணாக்கரின் நாட்டம் தீர்மானித்தது. இவ்வேறுபாட்டிலேதான் முதலியாரின் பெருமை அடங்கியுள்ளது.

அவர் கண்ட கனவு முழுமையாக நனவாகவில்லை. பட்டறையும் கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. அவ்வாசிரியர்களை உருவாக்க மைசூர் உள்ளிட்ட நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பெற்றபோது ஆண்டு 1963 ஆகிவிட்டது. பெற்றோர் உள்ளத்திலும் கல்லூரிக்கே மதிப்பு மிகுந்திருந்தது. முதலியார் 1974இல் மறைந்தார். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வியோடு தொழிற்பிரிவும் தொடங்கப்பெற்றது. ஆனால் மதிப்பெண் குறைந்தோர்க்குரிய இடம் என்னும் எண்ணம் அப்பிரிவை இன்றளவும் தொடர்கிறது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களை நோக்குவார்க்கு இச்செய்தியின் முதன்மை நன்கு விளங்கும். காற்றின் திசையும் நீரோட்டமும் முகத்துவாரம் தூர்வதும் அங்குள்ள சிறுவர்க்கு ஏட்டில் படியாத பாடங்கள். ஏரியில் முறைவைத்து மீன்பிடிக்கும் பாடு உரிமையின் நுட்பத்தையும் அவர்கள் இளமையிலேயே அறிவர். அவ்வறிவைப் பள்ளி மதிக்காவிடில், அவர்கள் தம்மைத் தாமே அறிவற்றோர் எனக் கருத நேரும். வலையே உனக்குப் போதும் என்று பள்ளி ஒதுக்கிவிடினோ, அதனினும் பெருந்தீங்கு விளையும். முதலியார் குழு வகுத்த ஏழு பிரிவுகளுள் மீன்வளம் தனித்து இடம்பெறவில்லை. இன்று பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இயங்குகின்றது. குப்பத்துப் பிள்ளை அதன் மாணாக்கராக அமர வேண்டுமாயின், உயர்நிலைப் பள்ளியிலேயே அறிவியலும் கணிதமும் செவ்வனே கற்பிக்கப்பெறல் வேண்டும். படகு எந்திரம் பழுதுபார்க்க விரும்பும் பிள்ளைக்கும் அதே பள்ளியில் பட்டறை வேண்டும். பின்னாளில் கல்லூரியை விரும்பின் அவ்வழியும் அடைபடாதிருத்தல் வேண்டும்.

தொழில் கற்பதா, கல்லூரிக்குச் செல்வதா என்று தேர்தல் மாணாக்கர் உரிமை. இரண்டுக்கும் வழி திறந்து வைத்தல் பள்ளியின் கடமை. ஆசிரியரும் பெரியோரும் இதனை மனத்திற் கொண்டு செயலாற்றுவார்களாயின், அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.