அல்-குவாரிஸ்மி

முகம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மி (ஏறத்தாழ கி.பி. 780 - 850) கணிதவியலாளரும் வானியலாளரும் புவியியலாளரும் ஆவார். அல்ஜீப்ரா என்னும் சொல் இவரது நூலின் தலைப்பிலிருந்தும், அல்கோரிதம் என்னும் சொல் இவரது பெயரிலிருந்தும் தோன்றின.

வாழ்க்கை

குவாரிஸ்மி என்பது ஏரல் கடலுக்குத் தெற்கேயுள்ள குவாரிசம் பகுதியைக் குறிக்கும் ஊர்வழிப் பெயராகும். கலீபா அல்-மாமூன் (ஆட்சி 813-833) காலத்தில் பக்தாதின் அறிவு இல்லத்தில் இவர் பணியாற்றினார். கிரேக்க, இந்திய அறிவியல் நூல்கள் அந்நகரில் அரபுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இந்திய வானியலைத் தழுவி அட்டவணை நூலொன்றையும், ஊர்களின் அகலாங்கு நெட்டாங்குகளைத் தரும் புவியியல் நூலொன்றையும் இவர் இயற்றினார்.

அல்ஜீப்ரா

820 அளவில் எழுதிய நூலின் தலைப்பில் அல்-ஜப்ர், அல்-முகாபலா என்னும் இரு செயல்கள் இடம்பெற்றன. அல்-ஜப்ர் என்றால் உடைந்ததைப் பொருத்துதல். சமன்பாட்டில் கழித்தலாக நிற்கும் உறுப்பை மறுபக்கத்தில் கூட்டலாக்குவதே இச்செயல். எடுத்துக்காட்டாக, ஓர் எண்ணின் 40 மடங்கிலிருந்து 4 வர்க்கங்களைக் கழித்தால் அதன் வர்க்கமே கிடைக்கும் எனில், 5 வர்க்கங்கள் 40 மடங்குக்குச் சமமாகின்றன, அவ்வெண் 8. அல்-முகாபலா என்பது இருபுறமுள்ள ஒரேவகை உறுப்புகளை ஈடுசெய்து குறைத்தல். குறியீடுகள் ஏதுமின்றி, இவ்வளவும் சொற்களாலேயே விளக்கப்பட்டன! வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளும் நூலில் விரிவாக உள்ளன.

செஸ்டர் நகர ராபர்ட் 1145இல் இதனை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அல்-ஜப்ர் எலும்பு பொருத்துதலையும் குறிக்கும். இதனால் எசுப்பானியத்தில் எலும்பு வைத்தியர்களும் இச்சொல்வழிப் பெயரால் அழைக்கப்பட்டனர்.

அல்கோரிதம்

இந்திய எண்முறையால் கணக்கிடுவதை விளக்கும் இவரது மற்றொரு நூலின் அரபு மூலம் மறைந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் வடிவங்களில் இவரது பெயர் அல்கோரித்மி என அமைந்தது. அதிலிருந்து பிறந்த அல்கோரிசம் என்னும் சொல், நாளடைவில் இந்திய எண்களால் கணக்கிடும் முறைக்கே பெயராயிற்று. முறை இந்தியாவினுடையது, பெயரோ அதனை விளக்கியவருடையது. காலப்போக்கில் அப்பெயருக்குரிய மனிதரும் மறக்கப்பட்டார். அல்கோர் என்னும் அரசன் பெயரே இது என்றுகூடக் கதை கட்டினர். எண்ணைக் குறிக்கும் அரித்மோஸ் என்னும் கிரேக்கச் சொல்லோடு குழம்பியதால் அல்கோரிசம், அல்கோரிதம் எனத் திரிந்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் பிரெஞ்சு அறிஞர் ரெய்னோ இதன் மூலம் அல்-குவாரிஸ்மியே என அடையாளம் கண்டார். படிப்படியான எந்தத் தீர்வுமுறைக்கும் பொருந்தும் இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது.

எசுப்பானியத்தில் எண்ணுருவைக் குறிக்கும் குவாரிஸ்மோ, போர்த்துக்கேயத்தின் அல்கரிஸ்மோ ஆகியவையும் இவர் பெயரே.