ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இயற்பியலாளரும் தாவர உடலியங்கியலாளரும் ஆவார். அறிவியல் புனைகதை எழுத்தாளராகவும் இவர் அறியப்படுகிறார். மில்லிமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உருவாக்கி, அவற்றின் பண்புகளை முறையாக ஆராய்ந்த முன்னோடி இவரே. 1890களில் கொல்கத்தாவில் இவர் கையாண்ட அலைகளை நெடுந்தொலைவுத் தந்திக்கு உதவாதவை எனக் கருதி அக்காலத் தொழில்துறை கைவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பின்னர் அதே அலைகள் ஐந்தாம் தலைமுறைச் செல்பேசி வலையமைப்பிலும், கம்பியின்றி வீடுகளுக்கு வழங்கப்படும் இணைய இணைப்பிலும் இடம்பெற்றன.

பிறப்பும் இளமையும்

போஸ் அன்றைய வங்காள மாகாணத்தின் (இன்றைய வங்காளதேசம்) மைமன்சிங்கில் பிறந்தார். இவரது குடும்பம் விக்ரம்பூர்ப் பகுதியின் ராரிகால் என்னும் ஊரைச் சேர்ந்தது. தந்தை பகவான் சந்திர போஸ் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். அரசு அலுவலராகப் பணியாற்றினார். வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலத்தில், தாய்மொழியையும் தம் மக்களையும் முதலில் அறிய வேண்டும் என்று கருதிய தந்தை, மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே தந்தையின் இசுலாமியப் பணியாளரின் மகனும் ஒரு மீனவரின் மகனும் இவருக்கு இருபுறமும் அமர்ந்து படித்தனர். அவர்கள் கூறிய பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினங்கள் பற்றிய கதைகளே இயற்கையை ஆராயும் ஆர்வத்தைத் தமக்கு ஊட்டின என்று பின்னாளில் 1915ஆம் ஆண்டு உரையொன்றில் இவர் நினைவுகூர்ந்தார்.

கல்வி

1869இல் கொல்கத்தா ஹேர் பள்ளியில் சேர்ந்த போஸ், பின்னர் புனித சேவியர் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்த அருட்தந்தை லாஃபோன், செய்முறை விளக்கங்கள் வழியாக இவருக்கு அறிவியலில் நாட்டத்தை உண்டாக்கினார். 1879இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். உடல்நலக் குறைவும் உடற்கூற்று அறையின் நெடியும் அப்படிப்பைத் தொடரவிடவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்து 1884இல் இயற்கை அறிவியலில் பட்டம் பெற்றார். அங்கு இவருக்கு ஆசிரியராக இருந்தவர்களுள் ராலே பிரபு குறிப்பிடத்தக்கவர்.

பேராசிரியர் பணி

1885இல் கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே இவருக்கு நிர்ணயிக்கப்பட்டது. இதனை எதிர்த்து மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் அரசு இவரது பணியை நிரந்தரமாக்கி, முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அத்தொகையைத் தந்தையின் கடன்களைத் தீர்க்கப் பயன்படுத்தினார். சத்தியேந்திர நாத் போஸ், மேகநாத் சாஃகா ஆகியோர் இக்கல்லூரியில் இவரிடம் பயின்றவர்கள்.

1887இல் அபலா தாசை மணந்தார். அபலா 1882இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று, உடல்நலக் குறைவால் படிப்பை இடையில் நிறுத்தியவர். பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரிதும் உழைத்தார்.

மில்லிமீட்டர் அலை ஆய்வு

மின்காந்த அலைகள் இருப்பதை மாக்ஸ்வெல் கோட்பாட்டளவில் கூறினார். ஜெர்மனியின் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியில் அதனைச் செய்முறையில் நிறுவினார். ஹெர்ட்சின் அலைகள் நீளமானவை. அவை ஒளியைப் போலவே விலகுவதைக் காட்ட, சுமார் 600 கிலோகிராம் எடையுள்ள கீல் பட்டகம் அவருக்குத் தேவைப்பட்டது. ஹெர்ட்ஸ் மறைந்த 1894ஆம் ஆண்டில் ஆலிவர் லாட்ஜ் அவரது பணி குறித்து ஆற்றிய உரை நூலாக வெளிவந்து போசைக் கவர்ந்தது.

அலைநீளத்தைக் குறைத்தால் கருவிகளும் மேசையில் வைக்கும் அளவுக்குச் சிறிதாகும் என்று போஸ் கண்டார். கல்லூரியின் சிறிய அறையொன்றில், உள்ளூர்க் கைவினைஞர் ஒருவரின் உதவியுடன் தம் கருவிகளைத் தாமே உருவாக்கினார். சுமார் 2.5 சென்டிமீட்டர் முதல் 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை இவர் பயன்படுத்தினார். இன்றைய அளவீட்டில் இது ஏறத்தாழ 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் ஆகும்.

இவ்வாய்வுகளின்போது இவர் உருவாக்கிய கருவிகள் பல இன்றும் வேறு பெயர்களில் வழக்கிலுள்ளன. அலைகளைத் திரட்டப் பயன்படுத்திய புனல் இன்றைய கொம்பு வடிவ அலைவாங்கியின் முன்னோடியாகும். உள்ளீடற்ற உலோகக் குழாய் வழியே அலைகளைச் செலுத்தும் முறையையும், வில்லைகளையும் பட்டகங்களையும் இவர் கையாண்டார். பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தகடுகள் செருகப்பட்ட இரயில்வே கால அட்டவணைப் புத்தகமும், முறுக்கிய சணல் கற்றைகளும்கூட அலைகளின் முனைவாக்கத்தை ஆராயும் கருவிகளாயின.

1895 மே மாதம் வங்காள ஆசியக் கழகத்தில் தம் முதல் ஆய்வுக்கட்டுரையை வாசித்தார். அடுத்த ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது.

நகர மண்டபச் செய்முறை

1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் துணைநிலை ஆளுநர் முன்னிலையில் போஸ் தம் அலைகளைப் பொதுமக்களுக்குச் செய்து காட்டினார். ஓர் அறையிலிருந்து புறப்பட்ட அலைகள் சுவர்களையும் துணைநிலை ஆளுநரின் உடலையும் கடந்து, சுமார் 75 அடி தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்து, சிறிதளவு வெடிமருந்தையும் பற்றவைத்தன.

1897 ஜனவரி 29 அன்று இலண்டன் அரச நிறுவனத்தில் உரையாற்றினார். கதிரவனும் இத்தகைய அலைகளை வெளியிடலாம் என்றும், கதிரவனின் அல்லது புவியின் வளிமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடுவதால் அவை அகப்படாமல் இருக்கலாம் என்றும் அவ்வுரையில் கருதினார். கதிரவனின் வானொலி அலைகள் 1942இல் கண்டறியப்பட்டன. 1.2 சென்டிமீட்டர் அலையை நீராவி உறிஞ்சுவது 1944இல் ரேடார் ஆய்வின்போது தெரியவந்தது.

உணர்கருவியும் காப்புரிமையும்

1899இல் இரும்பு, பாதரசம், தொலைபேசி ஆகியவற்றைக் கொண்ட உணர்கருவி குறித்து அரச கழகத்தில் கட்டுரை அளித்தார். 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்துவந்த சைகையைப் பெறப் பயன்படுத்திய கருவி இவ்வடிவமைப்பைச் சார்ந்ததே என்று 1998இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை வாதிடுகிறது. இது குறித்து மாற்றுக் கருத்துகளும் உண்டு. மார்க்கோனி நாடியது தொலைவு; எனவே நீண்ட அலைகளை நோக்கிச் சென்றார். போஸ் நாடியது அலைகளின் இயல்பு. எனவே குறுகிய அலைகளிலேயே நின்றார்.

அறிவியல் கண்டுபிடிப்பால் பொருளீட்டுவதை போஸ் விரும்பவில்லை. 1901 மே மாதம் இலண்டனில் இவர் உரையாற்றுவதற்குச் சற்று முன்னர், தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் காப்புரிமைப் படிவத்துடன் வந்து, கருவியின் விவரங்களை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போஸ் மறுத்துவிட்டார். இந்நிகழ்வைத் தம் நண்பர் இரவீந்திரநாத் தாகூருக்கு மடலில் தெரிவித்தார். எனினும் சகோதரி நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால், கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்ட உணர்கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பித்தார். 1904 மார்ச் 29 அன்று காப்புரிமை கிடைத்தது. குறைகடத்திக் கருவி ஒன்றுக்கு வழங்கப்பட்ட முதல் காப்புரிமையாக இது கருதப்படுகிறது. இதிலிருந்து போஸ் வருவாய் எதனையும் தேடவில்லை.

தாவர ஆய்வு

தொடர்ந்து இயக்கினால் உணர்கருவியின் கூர்மை மங்குவதையும், ஓய்வளித்தால் மீள்வதையும் போஸ் கவனித்தார். தசைகளின் களைப்பை ஒத்த இச்சீரின்மையே இவரை உயிரியலுக்கு இட்டுச் சென்றது. 1901 ஜூன் மாதம் அரச கழகத்தில் இவர் அளித்த கட்டுரையை உடலியங்கியலாளர் பர்டன் சாண்டர்சன் எதிர்த்தார். கழகம் அதனை அச்சிடவில்லை. 1902இல் உயிருள்ளவற்றிலும் உயிரற்றவற்றிலும் தோன்றும் துலங்கல் பற்றிய தம் நூலை வெளியிட்டார்.

தொட்டாற்சுருங்கி, தொழுகன்னி ஆகிய செடிகளில் மின் துலங்கல்களை அளந்தார். தாவர வளர்ச்சியை 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை வடிவமைத்தார். தாவரங்களுக்கு விலங்குகளைப் போன்ற நரம்பு உண்டு என்ற இவரது விளக்கம் ஏற்கப்படவில்லை. ஆயினும் தாவரங்களில் மின் சைகைகள் பரவுகின்றன என்பது இன்று நிறுவப்பட்ட உண்மையாகும்.

எழுத்துப் பணி

வங்காள மொழியின் தொடக்ககால அறிவியல் புனைகதைகளுள் ஒன்றை 1896இல் எழுதினார். வங்கக் கடலில் உருவாகிக் கொல்கத்தாவை நோக்கி வந்த புயல், கப்பலிலிருந்து கடலில் ஊற்றப்பட்ட ஒரு புட்டி கூந்தல் எண்ணெயால் அடங்கிப்போவதாக இக்கதை அமைந்துள்ளது. இது கூந்தல் எண்ணெய் வணிகர் ஒருவர் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. விரிவாக்கப்பட்ட வடிவம் 1921இல் வெளிவந்த அவ்யக்தா என்னும் தொகுப்பில் இடம்பெற்றது.

இறுதிக் காலம்

1915இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917ஆம் ஆண்டு தம் பிறந்தநாளான நவம்பர் 30 அன்று கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அங்குச் செய்யப்படும் கண்டுபிடிப்புகள் காப்புரிமையின்றிப் பொதுவுடைமையாக இருக்க வேண்டும் என்பது இவரது நோக்கமாக இருந்தது. 1937 நவம்பர் 23 அன்று கிரிதியில் (இன்றைய ஜார்க்கண்ட்) காலமானார்.

இன்றைய இணையத்தில் போசின் அலைகள்

2022இல் இந்திய அரசு நடத்திய அலைக்கற்றை ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ், 3300 மெகாஹெர்ட்ஸ் ஆகியவற்றுடன் 26 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் விற்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கியது. 2023 முதல் இச்சேவையின் வழியாக வீடுகளுக்குக் கம்பியில்லா இணைய இணைப்பும் வழங்கப்படுகிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். பின்னது போஸ் ஆராய்ந்த எல்லைக்குள் அடங்கும்.

நீண்ட அலைகள் தொலைவு செல்லும். சுவரையும் மரங்களையும் ஓரளவு கடக்கும். ஆனால் அங்கு அலைக்கற்றையின் அகலம் குறைவு. எனவே வேகமும் குறைவு. குறுகிய அலைகளில் அகலம் மிகுதி. ஆனால் மழை, இலைகள், சுவர்கள் ஆகியவற்றால் அவை எளிதில் நலிவடையும். போஸ் எட்டிய 60 கிகாஹெர்ட்சுக்கு அருகில் காற்றிலுள்ள ஆக்சிசனே அலைகளை உறிஞ்சுகிறது. ஒரு கிலோமீட்டரில் சுமார் 15 டெசிபெல், அதாவது முப்பதில் ஒரு பங்கே எஞ்சும் அளவுக்கு, இழப்பு ஏற்படுகிறது.

நீர் சூழ்ந்த கடலோர ஊர்களில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரப் பிரதேசத்துக்கும் இடையே பரந்துள்ள பழவேற்காட்டு ஏரியின் மீனவக் குப்பங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவிலுள்ள கூனங்குப்பம், அரங்கம்குப்பம் போன்ற ஊர்களுக்கும் நிலப்பகுதிக்கும் இடையே நீர்ப்பரப்பு உள்ளது. தடையற்ற நீர்ப்பரப்பின் மேல் நீண்ட அலைகள் வெகுதொலைவு செல்லும். அதே வேளையில் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும் நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒன்றையொன்று கூட்டவோ குறைக்கவோ செய்யும். முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குவதாலும், பருவமழையாலும் நீர்மட்டம் மாறும்போது, அசையாமல் வைக்கப்பட்ட கருவியிலும் சைகையின் வலு மாறக்கூடும்.

இத்தகைய இடத்தில் குறுகிய அலைக்கற்றை நலிவடைந்தால் வீட்டுக் கருவி தானாகவே நீண்ட அலைக்கற்றைக்கு மாறிக்கொள்ளும். அப்போது கருவியில் சைகைக் கோடுகள் நிறைவாகத் தெரிந்தாலும் வேகம் குறைந்திருக்கும். கோடுகள் அலையின் வலுவைக் காட்டுமேயன்றி அதன் கொள்ளளவைக் காட்டா. மேலும் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லையிலுள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். ஏரியின் மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறையைப் போன்று, கோபுரமும் ஒவ்வொரு கருவிக்கும் முறைவைத்து நேரம் ஒதுக்குகிறது. பயன்படுத்துவோர் பெருகும் மாலை வேளையில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது. அலைவாங்கியைக் கோபுரம் நோக்கி உயரத்தில் பொருத்துவது பெறும் சைகையை மேம்படுத்தும். பங்கின் அளவை மட்டும் அதனால் முழுமையாக மாற்ற இயலாது.

பெருமைகள்

1917இல் பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் வழங்கியது. முன்பு இவரது கட்டுரையை அச்சிட மறுத்த அரச கழகம் 1920இல் இவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நிலவிலுள்ள பெருங்குழி ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஹௌராவிலுள்ள இந்தியத் தாவரவியல் பூங்கா 2009 முதல் இவரது பெயரைத் தாங்கி நிற்கிறது. பன்னாட்டு மின், மின்னணுப் பொறியாளர் கழகம் இவரது மில்லிமீட்டர் அலைச் செய்முறைகளை 2012இல் பொறியியல் மைல்கல்லாக அறிவித்தது. அவற்றுக்காக இவர் வடிவமைத்த கருவிகள் பல கொல்கத்தாவிலுள்ள போஸ் ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.