கைப்பேசிக்குள் வாழும் டென்னிஸ் ரிட்சி

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள கைப்பேசிப் பழுதுநீக்கும் கடை ஒன்றில் அண்மையில் இரண்டு கைப்பேசிகளைப் பார்த்தேன். இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. இரண்டுக்குமே அவற்றின் தயாரிப்பாளர்கள் புதிய மென்பொருள் வழங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

முதலாவது ஒரு கல்லூரி மாணவனுடையது. பழைய இயங்குதளத்தை அழித்துவிட்டு, அவனே அதில் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவியிருந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஓடி முடிந்ததும், கைப்பேசி ஒரு சிறிய கணினியாக விழித்துக்கொண்டது. இரண்டாவது, நூறு நாள் வேலைத் திட்டப் பணித்தளத்தில் வருகையைப் பதிவு செய்யும் ஒரு பெண்ணுடையது. செயலியின் புதிய பதிப்பு அதில் இயங்கவில்லை. இயங்குதளத்தை மாற்றலாம் என்றால், தயாரிப்பாளர் இட்ட மென்பொருள் பூட்டைத் திறக்க வழியில்லை. கருவியில் பழுது ஏதுமில்லை. ஆனாலும் புதிது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

பல ஆண்டுகள் மாணவர்களுக்கு சி மொழி கற்பித்தவன் என்ற முறையில், அப்போது என் நினைவுக்கு வந்தவர் டென்னிஸ் ரிட்சி. மாணவனின் கைப்பேசியில் லினக்ஸ் ஓடுவதற்கு வழி அமைத்தவர்களுள் முதன்மையானவர் அவர். அந்தப் பெண்ணின் கைப்பேசி முடங்கிக் கிடப்பதோ, அவர் வாழ்நாள் பணிக்கு நேர் எதிரான ஒரு நிலை.

டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிட்சி 1941 செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிராங்க்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலிஸ்டர் ரிட்சி, தொலைபேசி ஆய்வுக்குப் புகழ்பெற்ற பெல் ஆய்வுக்கூடத்தில் இணைப்புச் சுற்றுகள் குறித்து ஆராய்ந்த அறிவியலாளர். மகன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் 1963-இல் பட்டம் பெற்றார். பின்னர் பயன்பாட்டுக் கணிதத்தில் ஆய்வு மேற்கொண்டார். 1968-இல் ஆய்வேட்டை எழுதி முடித்தும், முனைவர் பட்டத்தை அவர் முறைப்படி பெறவேயில்லை. அதற்கு முந்தைய ஆண்டே தந்தை பணியாற்றிய பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருந்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் முர்ரே ஹில்லில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்திலேயே நாற்பது ஆண்டுகள் பணியாற்றி, 2007-இல் ஓய்வு பெற்றார்.

அவர் சேர்ந்த காலத்தில், மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயங்குதளத்தை எம்.ஐ.டி., ஜெனரல் எலெக்ட்ரிக் ஆகியவற்றுடன் சேர்ந்து பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கிக்கொண்டிருந்தது. பணி இழுத்துக்கொண்டே போனதால், 1969-இல் பெல் விலகிக்கொண்டது. அந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்ததுதான் யுனிக்ஸ். ரிட்சியின் நண்பர் கென் தாம்ப்சன், அதிகம் பயன்படாமல் கிடந்த பிடிபி-7 என்ற பழைய கணினியில் அதே ஆண்டு அதைத் தொடங்கினார். ரிட்சி உடன் சேர்ந்தார்.

புதிய கணினி வாங்க நிர்வாகம் எளிதில் இசையவில்லை. காப்புரிமைத் துறைக்கு ஆவணங்களைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளை உருவாக்கித் தருவதாகச் சொல்லித்தான் பிடிபி-11 கணினியைப் பெற்றார்கள். அதன் நினைவகம் 24 கிலோபைட். வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் அந்த வட்டில் அடங்காது. அவ்வளவு சிறிய இடத்தில்தான் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இயங்குதளம் உருவாயிற்று. பெரிய நிரல்கள் சிலவற்றுக்குப் பதிலாகச் சிறிய நிரல்கள் பல. விசைப்பலகை, அச்சுப்பொறி போன்ற கருவிகளையும் கோப்புகளைப் போலவே கையாளும் எளிமை. இவை வறுமை கற்றுக்கொடுத்த சிக்கனங்கள். பிற்காலத்தில் உள்ளங்கை அளவுக் கருவிக்குள் இந்த அமைப்பு பொருந்தியதற்கு அந்தச் சிக்கனமும் ஒரு காரணம். இன்றும் லினக்ஸ் இயங்கும் கைப்பேசியில் தொடுதிரையும் படக்கருவியும் கோப்புகளாகவே தோன்றுகின்றன.

ஆனால் ரிட்சியின் பெரும்பங்களிப்பு வேறு. அக்காலத்தில் இயங்குதளங்களை அந்தந்தக் கணினியின் அடிப்படைக் கட்டளைகளிலேயே எழுதுவது வழக்கம். கணினி பழையதானால், அதற்காக எழுதப்பட்ட மென்பொருளும் அதனுடன் மாண்டுபோகும். தாம்ப்சன் உருவாக்கிய பி என்ற மொழியை வளர்த்து, 1972 வாக்கில் ரிட்சி சி மொழிக்கு உருவம் கொடுத்தார். 1973-இல் யுனிக்ஸின் கருவகமே சி மொழியில் மீண்டும் எழுதப்பட்டது. 1977-இல் ரிட்சியும் ஸ்டீபன் ஜான்சனும், முற்றிலும் வேறு அமைப்புடைய இன்டர்டேட்டா 8/32 என்ற கணினிக்கு யுனிக்ஸைக் கொண்டுசென்றார்கள். கம்பைலர் எனப்படும் மொழிமாற்றியைப் புதிய கணினிக்கு ஏற்ப அமைத்து, கருவியோடு நேரடியாகப் பேசும் சிறு பகுதியை மட்டும் திருத்தினால் போதும். எஞ்சியதெல்லாம் அப்படியே ஓடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. மென்பொருளின் ஆயுள் இயந்திரத்தின் ஆயுளிலிருந்து விடுபட்ட தருணம் என்று இதைச் சொல்லலாம். பிரையன் கெர்னிகனுடன் இணைந்து ரிட்சி எழுதிய சி மொழி நூல் 1978-இல் வெளிவந்தது. என் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு அதுதான் பாடநூல்.

யுனிக்ஸ் பரவியதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1956-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு ஒன்றின்படி, பெல் ஆய்வுக்கூடத்தின் தாய் நிறுவனமான ஏடி அண்டு டி கணினித் தொழிலில் இறங்க முடியாது. எனவே, மூல நிரலுடன் யுனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் வழங்கப்பட்டது. மாணவர்கள் படித்தார்கள், திருத்தினார்கள், மேம்படுத்தினார்கள். 1984-இல் நிறுவனம் பிரிக்கப்பட்டுத் தடை நீங்கியதும், யுனிக்ஸ் முழுமையான வணிகப் பொருளாகிக் கதவுகள் சாத்தப்பட்டன. அப்படிச் சாத்தப்பட்ட கதவுக்கு வெளியே பிறந்தவைதான் ரிச்சர்டு ஸ்டால்மனின் குனு திட்டமும், 1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும். யுனிக்ஸின் நிரல்வரிகளை லினக்ஸ் எடுத்தாளவில்லை. அதன் அமைப்பை மேற்கொண்டது. எழுதப்பட்டதோ ரிட்சியின் சி மொழியில். தம் பணியின் தொடர்ச்சியாகவே லினக்ஸை ரிட்சி கண்டு மகிழ்ந்தார்.

இன்டெல் 386 கணினிக்காக எழுதப்பட்ட லினக்ஸ், கைக்கருவிகளில் பயன்படும் ஏஆர்எம் சில்லுகளுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்துசேர்ந்தது, 1977-இல் மெய்ப்பிக்கப்பட்ட அதே வழியில்தான். அதன் பயனை உலகில் முதலில் உணர்ந்தவர்களுள் நம் அண்டை நகரத்தாரும் உண்டு. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கி 2001-இல் அறிமுகம் செய்தார்கள். லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, இந்திய மொழிகளில் உரக்கப் படித்துக்காட்டும் வசதி, ஒரே கருவியை ஊரார் பலர் மாறிமாறிப் பயன்படுத்த உதவும் திறன் அட்டை ஆகியவை அதில் இருந்தன. ஏறத்தாழ 9,000 ரூபாய்க்குள் விலையை அடக்குவது நோக்கம். இயங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை என்பதால்தான் அப்படி ஒரு கணக்கே போட முடிந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வழியாக 2004-இல் அமிடா என்ற பெயரில் அது சந்தைக்கும் வந்தது. ஆனால், எதிர்பார்த்த எண்ணிக்கையில் விற்கவில்லை.

ரிட்சிக்கும் இதே அனுபவம் உண்டு. 1990-களின் நடுவில், சின்னஞ்சிறு கருவிகளுக்காக இன்ஃபெர்னோ என்ற இயங்குதளத்தை அவருடைய குழு உருவாக்கியது. ஒரு மெகாபைட் நினைவகத்திலும் இயங்கக்கூடிய அதைச் சந்தை ஏற்கவில்லை. உரிய காலத்துக்கு முன்பே வந்த இரண்டு முயற்சிகள். 2008-இல் லினக்ஸ் கருவகத்தின்மீது அமைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி வெளிவந்தபோதுதான் காலம் கனிந்தது. இன்று தருமபுரி மாவட்டத்தின் மலைக்கிராமங்கள்வரை புழங்கும் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது லினக்ஸ்தான். ஒகேனக்கல்லில் ஒரே காவிரி பல அருவிகளாகப் பிரிந்து விழுவதைப் போல, ஒரே ஊற்றிலிருந்து வந்த வடிவங்கள் இவை.

தமிழருக்கு இன்னொரு கடனும் உண்டு. ரிட்சி பணியாற்றிய அதே ஆய்வுக்கூடத்தில், 1992-இல் தாம்ப்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையை வகுத்தார்கள். உலகின் எல்லா எழுத்துகளையும் பழைய மென்பொருள்கள் குலையாமல் சேமிக்கும் வழி அது. அம்முறையில் 'அ' என்ற எழுத்துக்கு மூன்று பைட்டுகள். இணையத்தில் இக்கட்டுரை உங்கள் திரையை வந்தடைவதும் அவ்வழியில்தான்.

டூரிங் விருது 1983-இலும், அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் 1998-ஆம் ஆண்டுக்காகவும், ஜப்பான் பரிசு 2011-இலும் ரிட்சிக்குத் தாம்ப்சனுடன் கிடைத்தன. ஆயினும் அவர் மேடைகளை நாடியவர் அல்லர். நியூ ஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியே வாழ்ந்த அவர், 2011 அக்டோபர் 12-ஆம் நாள் தம் வீட்டில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அதற்கு ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 5-ஆம் நாள் ஸ்டீவ் ஜாப்ஸ் காலமாகியிருந்தார். உலகம் அவருக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. ஜாப்ஸ் கைகளில் ஏந்தி உலகுக்குக் காட்டிய கைப்பேசியின் உள்ளே இருப்பதும் யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளம்தான் என்பதைச் சொல்ல அன்று பலருக்குத் தோன்றவில்லை.

எனக்கும் தோன்றவில்லை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-இல்தான் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பின்னர் எங்கள் மாணவர்களிடம் வந்த கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்துபார்க்கும்படி மாணவர்களைத் தூண்ட நான் முனையவில்லை. சி மொழி வகுப்பு எடுத்துக்கொண்டே, அதைப் படைத்தவர் மறைந்த செய்தியையும் அறியாமல் அந்த அக்டோபரைக் கடந்தேன். இந்தக் கட்டுரை ஒரு வகையில் அந்தக் குறையை நீக்கும் முயற்சி.

ரிட்சிக்குச் செய்யும் மரியாதை சிலை வைப்பதில் இல்லை. இயந்திரம் பழையதானாலும் மென்பொருள் வாழலாம் என்று அவர் காட்டினார். அதன் மறுபக்கமும் உண்மையே: புதிய மென்பொருளால் பழைய இயந்திரமும் வாழலாம். மாணவனின் கைப்பேசி அதற்குச் சான்று. தடுப்பது தொழில்நுட்பம் அல்ல, பூட்டு. திருட்டையும் மோசடியையும் தடுக்கப் பூட்டு தேவை என்று தயாரிப்பாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால், ஆதரவை நிறுத்திய பிறகும் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில் என்ன நியாயம் இருக்கிறது? விற்பனை முடிந்த பின்னும் ஐந்தாண்டுகளுக்கு இயங்குதள மேம்பாடுகளை வழங்க வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. இந்தியாவில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய 2022-இல் குழு அமைக்கப்பட்டது. அதற்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. அந்த உரிமையில் மென்பொருளும் சேர வேண்டும். ஆதரவு முடியும் நாளில் பூட்டின் சாவி, கருவிக்குப் பணம் கொடுத்தவரிடம் வர வேண்டும்.

அரசின் திட்டங்கள் செயலிகளின் வழியே நடக்கும் காலம் இது. கைப்பேசி முடங்கினால் ஒருவரின் வருகைப் பதிவும் முடங்கும்; கூலியும் சிக்கலுக்கு உள்ளாகும். அன்று மாலை அந்தப் பெண் கடையை விட்டுப் போகும்போது, இயங்காத கைப்பேசியைத் தூக்கி எறியவில்லை. முந்தானையில் முடிந்து எடுத்துச் சென்றார். அதற்கு இன்னும் ஆயுள் இருக்கிறது என்று அவர் நம்பியது சரிதான்.