வானுயரக் கட்டடங்களுக்கு வழி கண்ட ஃபஸ்லுர் ரஹ்மான் கான்

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்ஐசி கட்டடத்தை அறியாதவர் இருக்க முடியாது. 1959-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த 14 மாடிக் கட்டடம் பல பத்தாண்டுகள் நகரின் உயரத்துக்கே அடையாளமாக இருந்தது. அது எழுந்து பதினைந்து ஆண்டுகளில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் 110 மாடிகள் கொண்ட சியர்ஸ் கோபுரம் எழுந்தது. அதைத் தாங்கி நிற்கும் கணக்கைப் போட்டவர் நம் துணைக்கண்டத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் பொறியாளர். அவர்தான் ஃபஸ்லுர் ரஹ்மான் கான்.

1929 ஏப்ரல் 3 அன்று, பிரிவினைக்கு முந்தைய வங்காளத்தின் டாக்காவில் பிறந்தார். தந்தை அப்துர் ரஹ்மான் கான் கணித ஆசிரியர்; பாடநூல்கள் எழுதியவர். கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் உள்ள பொறியியல் கல்லூரியில் ஃபஸ்லுர் படித்துக் கொண்டிருந்தபோது, 1950-இல் வகுப்புக் கலவரம் மூண்டது. படிப்பு பாதியில் நின்றுவிடவில்லை. ஊர் திரும்பி, டாக்காவின் அஹ்சானுல்லா பொறியியல் கல்லூரியில் பட்டத்தை முடித்தார்.

1952-இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்றார். மூன்றே ஆண்டுகளில் இரண்டு முதுகலைப் பட்டங்களும் முனைவர் பட்டமும் பெற்றார். 1955-இல் சிகாகோவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தார். இடையில் சில காலம் பாகிஸ்தான் திரும்பிப் பணியாற்றிவிட்டு, 1960-இல் மீண்டும் அதே நிறுவனத்துக்கு வந்தார். அவருடைய பெரும் பணிகள் தொடங்கியது அதன் பிறகே.

எடை அல்ல, காற்றே எதிரி

உயரமான கட்டடம் என்றதும் நாம் அதன் எடையைத்தான் நினைக்கிறோம். எடை நேராகக் கீழே இறங்குகிறது. அதைத் தூண்கள் வாங்கி மண்ணுக்குக் கொடுத்துவிடும். மாடிகள் கூடக் கூடப் பெரிய சிக்கலாவது பக்கவாட்டில் தள்ளும் காற்று. புயல் காலத்தில் சென்னைக் கடற்கரையோரம் பத்தாவது மாடியில் வசிப்பவர்களுக்கு அதன் வேகம் தெரியும்.

பழைய முறையில் கட்டடத்தின் உள்ளும் புறமும் தூண்களை நிறுத்தி, உத்தரங்களால் இணைப்பார்கள். காற்றைத் தாங்க அவற்றைப் பருமனாக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

ஃபஸ்லுர் கண்ட தீர்வு எளிமையானது. தூண்களை வெளிச்சுவரில் நெருக்கமாக வரிசைப்படுத்தி, ஆழமான உத்தரங்களால் பிணைத்துவிட்டால், முழுக் கட்டடமும் தரையில் நட்ட ஒரு குழாயைப் போல நிற்கும். மூங்கிலைப் பாருங்கள். உள்ளே வெற்றிடம், பலம் எல்லாம் விளிம்பில். அதே அளவு பொருளைக் கெட்டியான ஒரு குச்சியாக்கினால் அந்த விறைப்பு வராது. 1960-களின் நடுவில் சிகாகோவில் கட்டப்பட்ட 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பில் இந்தக் குழாய் முறையைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் செய்து காட்டினார்.

அடுத்தது எஃகில் எழுந்த 100 மாடி ஜான் ஹான்காக் மையம். 1969-இல் முடிந்த இந்த 344 மீட்டர் கட்டடத்தின் வெளிமுகத்தில் பெருக்கல் குறி வடிவில் மாபெரும் எஃகுச் சட்டங்கள் குறுக்கே ஓடுகின்றன. அவை அழகுக்காக வைத்தவை அல்ல. காற்றின் விசையை நான்கு முகங்களுக்கும் பகிர்ந்து அடித்தளத்துக்கு இறக்குபவை. 1931-இல் கட்டிய எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்குச் சுமார் 206 கிலோ எஃகு செலவானது. ஹான்காக் மையத்தில் சுமார் 145 கிலோ போதுமானதாக இருந்தது.

மண்ணையும் பொருளையும் அறிந்தவர்

ஏரியைத் தூர்த்து உருவான தி.நகரில் வசிப்பவர்களுக்கு மண்ணின் அருமை தெரியும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலும் அடியில் களிமண்தான். சாதாரணக் கான்கிரீட்டின் எடைக்கு 35 மாடிகளோடு நிறுத்த வேண்டிய இடம் அது. ஃபஸ்லுர் எடை குறைந்த கான்கிரீட்டைப் பயன்படுத்தி, குழாய்க்குள் குழாய் என்ற அமைப்பில், 1971-இல் 52 மாடி ஒன் ஷெல் பிளாசாவை எழுப்பினார். பொதுவாக, அழுத்தத்தைத் தாங்குவது கான்கிரீட்டின் வேலை, இழுப்பைத் தாங்குவது எஃகின் வேலை. எதை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதில்தான் பொறியாளரின் அறிவு இருக்கிறது.

442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தில் ஒன்பது சதுரக் குழாய்களை ஒரு கட்டாகச் சேர்த்தார். 50, 66, 90-ஆம் மாடிகளில் சில குழாய்கள் நின்றுவிட, இரண்டு மட்டும் உச்சிவரை செல்கின்றன. 1998 வரை உலகின் மிக உயரமான கட்டடமாக விளங்கியது அது.

ஊரும் உம்மத்தும்

புகழின் உச்சியிலும் அவர் பிறந்த மண்ணை மறக்கவில்லை. 1971-இல் வங்கதேச மக்கள் போரில் துன்பப்பட்டபோது, சிகாகோவில் அமைப்பு ஒன்றைத் தொடங்கி நிவாரண நிதி திரட்டினார். அமெரிக்கர்களிடம் அவர்களுக்காகப் பேசினார்.

ஹாஜிகள் பலர் அவருடைய பணியின் நிழலில் அமர்ந்திருக்கிறார்கள். அவர் பெயர்தான் பலருக்குத் தெரியாது. 1981-இல் திறக்கப்பட்ட ஜித்தா விமான நிலைய ஹஜ் முனையத்தின் வெள்ளைக் கூடாரங்கள் அவர் பங்கில் உருவானவை. 45 மீட்டர் சதுரமான 210 கூடாரங்கள் எஃகு வடங்களில் தொங்குகின்றன. டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி வெயிலைத் தடுக்க, உச்சித் திறப்பு வழியே சூடான காற்று வெளியேறுகிறது. வானளாவ எஃகை நிறுத்தியவர், பாலைவனத்துக்குத் துணியே போதும் என்று முடிவு செய்தார். இந்தப் பணிக்கு 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

அதைப் பார்க்க அவர் இல்லை. 1982 மார்ச் 27 அன்று, சவூதி பயணத்தின்போது ஜித்தாவில் மாரடைப்பால் காலமானார். வயது 53 கூட நிறையவில்லை. உடல் சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பணியாற்றிய நிறுவனமே பிற்காலத்தில் துபாயின் புர்ஜ் கலீஃபாவை வடிவமைத்தது.

நமக்கான பாடம்

அடையாறிலும் மயிலாப்பூரிலும் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. 2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள்.

ஃபஸ்லுர் ரஹ்மான் கான் எஃகைக் குறைத்தார், பலத்தைக் குறைக்கவில்லை. கணக்குப் போட்டுக் குறைப்பது சிக்கனம். கணக்கில்லாமல் குறைப்பது மோசடி. அதன் விலை உயிர். அடுக்ககத்தில் வீடு வாங்குவோர் தரையில் பதித்த டைல்ஸைப் பார்ப்பதோடு நிற்காமல், மண் பரிசோதனை அறிக்கையையும் கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கணிதத்தில் ஆர்வமுள்ள நம் பிள்ளைகளுக்கு இவருடைய பெயரையும் சொல்லி வைப்போம்.